உட்காராத மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதத்து மாலை, கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், மாப்பிள்ளையைத் தவிர. அப்பா நாற்காலியைக் காட்டினார். மாப்பிள்ளை "இருக்கட்டும்" என்றார். சித்தப்பா அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னாலேயே வைத்தார். அதற்கும் "இருக்கட்டும்"தான். கடம்பூர் போளியை நின்றுகொண்டே சாப்பிட்டார். காப்பியையும் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார். அவருடைய அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை.

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. எங்கள் ஊர்க் கணக்கில் அது கொஞ்சம் முற்றிய வயது. பெண்கள் குழுக்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஒரு நாள் விளாத்திகுளம் பக்கம், மறுநாள் எப்போதும்வென்றான் பக்கம் என்று ஊர் ஊராக மொபெட்டில் போய் வருவேன். சுடிதார் போட்டுக்கொண்டு மொபெட்டில் போகிற பெண் என்பதால் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. அதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போன வரன்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயத்தில் வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வண்டியை விற்றுவிட வேண்டும். வேலையையும்தான்.

இவர் மட்டும் வேறு மாதிரி. நான் காப்பித் தட்டை நீட்டியபோது, வாசலில் நின்ற என் வண்டியின் சீட்டுக்கு ஏன் இரண்டு உறை போட்டிருக்கிறது என்று கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது? மேலே இருப்பது பருத்தி, சீட்டின் ரெக்சின் வெயிலில் கொதிக்கும், அதற்காக நானே தைத்தது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி தலையை ஆட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

ஆனால் அடுப்படியில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்த சித்தப்பா, கூடவே அப்பாவையும் அழைத்து வந்திருந்தார்.

"அண்ணே, அந்த நடையப் பாத்தியளா? பயலுக்கு மூலம் முத்திப் போயிருக்கு."

அப்பாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில், ஏதோ சீக்கு இருக்கிறது, அதை மறைக்கிறார்கள், காப்பி குடித்து முடித்ததும் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று கூட வந்திருந்த தரகரிடம் பதமாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடிவானது. அவ்வளவுதான். வண்டியை விற்கச் சொல்லாத ஒரே மாப்பிள்ளை, நாற்காலியில் உட்காராத குற்றத்துக்காகக் கைநழுவிப் போகப் போகிறார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அதனால் அவர் முன்னால் நின்றபோது பார்த்ததை எல்லாம் மனதில் ஒன்றொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். பெண் பார்க்கும்போது தலை குனிந்து நிற்க வேண்டும் அல்லவா? அப்படிக் குனிந்ததில் முதலில் கண்ணில் பட்டது அவருடைய பேண்ட்டின் கீழ்மடிப்பு. அதில் ஒரு பொட்டு மஞ்சள். காப்பி கொடுக்க நிமிர்ந்தபோது சட்டைக் காலரின் மூலையிலும் மஞ்சள். புதுத்துணி. நல்ல காரியத்துக்கென்று மஞ்சள் வைத்து, நனைக்காமல், கஞ்சி மொடமொடப்போடு உடுத்திய துணி. கால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது என்று பயந்தவர் மாதிரி நடக்கிறார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, இரண்டு நாள்தான் லீவு, விடியுமுன் கிளம்பி அங்கிருந்தே மோட்டார் சைக்கிளில் நேராக வந்தார் என்று அவருடைய அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நடை எனக்குத் தெரியும். அது நான் நடந்த நடை.

மொபெட் வாங்கிய முதல் வருடம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான இடத்தில் புண் வரவில்லை. கடையில் வழவழவென்று அழகாக இருக்கிறதே என்று நைலானில் உள்ளாடை வாங்கினேன். வெயிலில் அது தோலோடு ஒட்டிக்கொண்டு எரித்தது. பருத்திக்கு மாறினேன். இப்போது எலாஸ்டிக், தொடையிடுக்கில் கயிறு கட்டிய மாதிரி அறுத்தது. பவுடரைக் கொட்டிக்கொண்டு போனேன். வியர்வையில் அது மாவாகப் பிசைந்து, காய்ந்து, மணலாக உறுத்தியது. வேலையே வேண்டாம், வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன். அப்புறம்தான் நமக்குத் தையல் தெரியுமே என்று உறைத்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தேன். நூறு தடவை துவைத்து மெலிந்த துணி. தொடையின் பாதிவரை வருகிற மாதிரி, எலாஸ்டிக் வைக்காமல், தையலைத் தட்டையாக மடித்துத் தைத்தேன். நாடா முடிச்சை முன்னாலும் பின்னாலும் வராமல் பக்கவாட்டில் வைத்தேன். அப்படியும் ஒரு இடத்தில் உறுத்தல். ஒரு நாள் அவசரத்தில் உள்பக்கத்தை வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு விளாத்திகுளம் போய்த் திரும்பும்வரை ஒரு உறுத்தலும் இல்லை. தையல் வெளிப்பக்கம் போய்விட்டது, தோலில் படுவது வெறும் துணி. இவ்வளவுதானா விஷயம் என்று அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆமாம், உட்கார்ந்து.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு மூலமும் இல்லை, ஒன்றும் இல்லை, உள்ளே போட்டிருப்பதும் நனைக்காத புதுசாக இருக்கும், அதுதான் அறுத்திருக்கிறது என்று. அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்கள்.

"ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவரு ஜட்டியப் பத்தி ஒரு பொம்பளப் பிள்ள பேசுத பேச்சா இது?"

அதற்கு மேல் அங்கே பேச வழியில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில்தான் அவர் வண்டியும் நின்றது. அங்கேதான் துணிக்கொடியும். காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் பின்கதவு வழியாகப் போனேன். அவர் வண்டியின் பெட்ரோல் டாங்கில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். வண்டிமேல் ஒரு மழைக்கோட்டு கிடந்தது. வைகாசி வெயிலில் மழைக்கோட்டு!

சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கேட்டேவிட்டேன்.

"உள்ள போட்டுருக்கதும் புதுசா?"

மனிதர் திடுக்கிட்டுப் போய்விட்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஓடிவிடுவாரோ என்று நினைத்தேன். ஆனால் வலி வெட்கத்தைவிடப் பெரியது போலிருக்கிறது.

"எல்லாமே புதுசுதான். நல்ல காரியத்துக்குக் கெளம்பும்போதே புதுசு உடுத்தித்தான் கெளம்பணும்னு அம்மை சொல்லிட்டாவ."

அந்தப் புதுசு தூசியாகக் கூடாதென்று அதன்மேல் மழைக்கோட்டு. சேலம் தாண்டும்போதே எரிய ஆரம்பித்துவிட்டதாம். மதுரைக்கு அப்புறம் சீட்டில் உட்கார முடியாமல், கால்மிதியில் எழுந்து நின்றுகொண்டே மீதி தூரத்தை ஓட்டியிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உள்ளே என்ன முடிவாகியிருக்கிறது என்பதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மாற்றிக்கொள்ள வேறு ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா என்றால், பையில் இருப்பதும் அதே பெட்டியில் வந்த புதுசுதான் என்கிறார்.

கொடியைப் பார்த்தேன். அப்பாவின் பட்டாபட்டி டவுசர் காய்ந்துகொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, தொளதொளவென்று, முழங்கால் தொடுகிற நீளத்தில். துவைத்துத் துவைத்து மெல்லிய மல்லுத்துணி மாதிரி ஆகியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அவரிடம் நீட்டினேன். தையல் வெளியே இருக்கட்டும், முடிச்சு பக்கவாட்டில் வரட்டும், முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்கள், பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்கிற மாதிரி மடமடவென்று சொல்லிவிட்டு, மீதித் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன். செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

முகம் கழுவுவதாகக் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போன மாப்பிள்ளை திரும்பி வந்தார். நேராக அந்த நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்தார். பதறாமல், சாவகாசமாக, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். சித்தப்பா கையில் எடுத்த போளியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவரையே பார்த்தார். தரகரிடம் பேசுவதற்காக எழுந்த அப்பா, என்ன நினைத்தாரோ, கை கழுவிவிட்டு வருவதாகப் பின்பக்கம் போனார். போனவர் அங்கிருந்தே சத்தமாக அம்மாவிடம் கேட்டார்.

"கொடியில கெடந்த என் டவுசர எங்க? காத்துல பறந்துட்டா?"

கரிசல் காட்டுக் காற்று எங்கள் தெருவில் எதையும் தூக்கிக்கொண்டு போகும், அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா எழுந்தார். எனக்கு உயிரே இல்லை. அப்போது மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"மாமா, அது என்கிட்ட இருக்கு. நாந்தான் எடுத்தேன்."

அப்பா விறுவிறுவென்று கூடத்துக்குத் திரும்பி வந்தார். அவருடைய அம்மா வாயில் கைவைத்துவிட்டார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்பது புரிந்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அடுப்படி நிலைப்படியைத் தாண்டி வந்தேன்.

"இல்லப்பா. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

அப்புறம் புதுத்துணி, கஞ்சி, தையல், மழைக்கோட்டு எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். சொல்லி முடித்ததும் அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். என் வரன், என் மானம், அப்பாவின் மரியாதை எல்லாம் அந்த ஒரு டவுசரில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. நான்தானே நனைக்காமல் உடுத்தச் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுப்படிக்குள் என் அம்மா சிரிப்பதும் கேட்டது.

அப்பா மாப்பிள்ளையின் தோளில் கைவைத்து நாற்காலியில் மறுபடி உட்காரவைத்தார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். திரும்ப ஓசூரு வரைக்கும் போவணும்லா."

ஜாதகம் இடிக்கிற பேச்சு அதற்கப்புறம் வரவே இல்லை. சித்தப்பா மட்டும் அவர்கள் கிளம்பிப் போகிறவரை மாப்பிள்ளையின் நடையைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஆவணியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு உடுத்தும் புதுசை எல்லாம் முதலில் இரண்டு தடவை அலசி எடுத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அம்மா கொஞ்சம் முனகிவிட்டு, அலசிக் காய்ந்த பிறகு மஞ்சள் வைத்துக்கொண்டார்கள். மறுவீடு முடிந்து ஓசூருக்கு அவர் வண்டியிலேயே போனோம். இருவருக்கும் உள்ளே போட்டுக்கொள்ள நானே தைத்தேன், அப்பாவின் பழைய வேட்டியில். வழியில் டீக்கடை ஒவ்வொன்றிலும் இறங்கி, ஜம்மென்று பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். என் மொபெட் பின்னாலேயே லாரியில் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரை உட்காரச் சொன்னார்கள், ஏன் உட்காரவில்லை என்று ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. அதனால் இன்றைக்கும் யாராவது "இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தால், நாற்காலியை அப்புறம் நகர்த்துகிறேன், எங்கே உறுத்துகிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.