பிடித்தம் செய்யப்படவில்லை

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தன் வாக்கியங்களின் மேல் மயக்கம் வந்துவிட்டால் வாடிக்கையாளர்தான் பாவம். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கட்டு கோர்ட் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அரசுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

'ஏன்' கேட்கக் கூடாது

பிலோமினா அக்கா மீன் விற்பவர். அவர் வீட்டுக்காரரை ஸ்டேஷனில் ஆள் மாறி அடித்து வலது கையை உடைத்துவிட்டார்கள். விசாரித்த மனித உரிமை ஆணையம், அரசு ஒரு லட்சம் தர வேண்டும், அதை இன்ஸ்பெக்டர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது. பணம் வந்தது. உடனே மீன் மார்க்கெட்டில், இன்ஸ்பெக்டரிடம் காசு வாங்கிக் கேஸை விற்றுவிட்டாள் என்று பேச்சு. வீட்டுக்காரர் வெளியே தலைகாட்டுவதில்லை. யார் கொடுத்த பணம் என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் வேண்டும், அதை மார்க்கெட்டில் காட்ட வேண்டும் என்று அக்கா வந்தார்.

முதல் கேள்வியாக 'ஏன் அடித்தீர்கள்' என்று போடச் சொன்னார். தகவல் உரிமைச் சட்டத்தில் 'ஏன்' என்று கேட்டால் தள்ளிவிடுவார்கள், ஆவணத்தில் இருப்பதை மட்டும்தான் கேட்கலாம் என்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப அட்ச்சது ஆவணத்துல கீது, ஏன் அட்ச்சாங்கன்றது இல்லியா நைனா?"

தலைப்பு

உடைந்த ஒரு கையோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 'காவலர் அத்துமீறல்களால் அரசுக்கு இதுவரை ஏற்பட்ட மொத்தச் செலவு எவ்வளவு' என்று கேட்டு எழுதினேன். நல்ல வாக்கியம். அக்காவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஒரு மாதம் கழித்து, அப்படியொரு தலைப்பில் பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதே மனுவில் இருந்த அக்காவின் கேள்வியும் அதோடு போயிற்று.

ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த பெரியவர் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்துமீறல் என்று எந்த அலுவலகமாவது கணக்குத் தலைப்பு வைக்குமா என்று சிரித்தார். 'இதரச் செலவினம்' என்று இருக்கும் என்றார். "ஃபேன் ரிப்பேரும் இவுங்க வூட்டுக்காரர் கையும் ஒரே தலைப்புல கீதுபா, போய்த் தேடு."

ரைட்டர் சார்

அடுத்த மனுவில் இரண்டே கேள்விகள்: பணம் யாருடையது? இன்ஸ்பெக்டர் சம்பளத்தில் பிடித்தார்களா?

மூன்று வாரம் கழித்து, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, நாங்கள் ரைட்டர் சார் என்போம், ஏதோ தகவல் மனுவுக்குப் பதில் டைப் அடிக்க ஒரு சீட்டோடு வந்தார். அங்கே பிரிண்டர் கெட்டுவிட்டதாம். சீட்டில் மனுதாரர் பெயர் இல்லை. 'தொகை அரசு நிதியிலிருந்து வழங்கப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படவில்லை.' அவ்வளவுதான். கடையில் கூட்டம். எனக்கு நம்முடைய மனு ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பதில் மொட்டையாக இருப்பதுதான் உறுத்தியது. "இப்படி எழுதினா மேல கேள்வி வரும் சார்" என்று சொல்லி, மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்பதால் வழங்க இயலாது என்று, பிரிவு எண்ணெல்லாம் போட்டு மாற்றிக் கொடுத்தேன். கூலிக்கு மேல் இருபது ரூபாய் வைத்தார். "வக்கீலுகூட இவ்ளோ டைட்டா எழுத மாட்டான் மாமு."

மேல்முறையீடு

பத்து நாளில் அக்கா கவரைக் கொண்டுவந்தார். முதல் வரியிலேயே என் வாக்கியத்தை அடையாளம் கண்டுகொண்டேன். மறைக்காமல் சொல்லிவிட்டேன். கூடையை இறக்கி வைத்தார். "எனுக்கு எய்தும்போது மட்டும் ஏன் இவ்ளோ டைட்டா வர்ல?"

மேல்முறையீட்டைக் காசு வாங்காமல் எழுதினேன். என் வாக்கியத்தை நானே உடைக்க மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து முத்திரையோடு பதில் வந்தது. சீட்டில் இருந்த அதே இரண்டு வரிகள். அக்கா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"அரசு நிதின்னா நாம கட்ற வரிதான? சோப்பு வாங்கும்போது நானும் கட்டிகினுதான் கீறேன். அப்ப அவுரு கைய உட்ச்சதுக்கு நானும் காசு குட்த்துகீறேன். அந்தாளு முழுச் சம்பளம் வாங்கிகினு கீறான். பத்து காப்பி போடு நைனா, மார்க்கெட்ல கீறவங்களும் குட்த்துகீறாங்கல்ல, அவுங்களுக்கும் தெரியட்டும்."

ரைட்டர் வைத்துவிட்டுப் போன இருபது ரூபாயை என்னிடமிருந்து பிடித்தம் செய்யச் சொல்லி இதுவரை எந்த ஆணையமும் உத்தரவிடவில்லை.