ஒரு கிலோ கணவாயும் அரைக் கிலோ உப்பும்

1. வியாழக்கிழமை மாலை ஆம்பூர் பஜாரில் மீன் கடைக்காரரிடம் ஒரு கிலோ கணவாய் சொல்லிவைத்தேன்.
2. சனிக்கிழமை காலை அது வந்தது. சுத்தம் செய்து, வளையங்களாக நறுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
3. பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. அப்பா கணவாய்க்கு உப்புப் போட்டார்.
4. ஞாயிறு காலை முதல் முறை பொரித்தேன். வாயில் வைக்க முடியவில்லை.
5. பதினொரு மணிக்கு இரண்டாம் முறை பொரித்தேன். மணிக்கட்டில் கொப்புளம்.
6. ஒன்றரை மணிக்கு மூன்றாம் முறை பொரித்தேன். மொறுமொறுவென்று வந்தது. யாருக்காகப் பொரித்தேனோ அவர் சாப்பிடவில்லை.

அவர் என் அண்ணி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இப்போது கர்ப்பத்தில் நான்காம் மாதம். அண்ணனுக்கு ஓசூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான், அந்த வாரம் அவன் வராத வாரம். மசக்கையில் அண்ணிக்கு எது உள்ளே போனாலும் அரை மணி நேரத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. போன மாதம் மூன்று நாள் மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திக் குத்தி, புறங்கை நீலம் பாரித்துவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகும் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்வார்.

என் அம்மா வேலூரில் நர்ஸ். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. புதன்கிழமை அண்ணியிடம் சொன்னார்: "திங்கக்கிழமை செக்கப்பு. வெயிட் இன்னும் கொறைஞ்சிருந்தா அட்மிட் பண்ணிடுவாங்க. நான் சொல்லியெல்லாம் தடுக்க முடியாது. எதனா சாப்புடு."

அண்ணி சுவரைப் பார்த்தபடி சொன்னார். "எங்க அம்மா கணவாய பொரிச்சுத் தருவாங்க, மொறுமொறுன்னு. சோத்துக்கு முன்னாடி அத நாலு துண்டு தின்னாத்தான் எனக்குப் பசியே எடுக்கும்."

அது போதும் எனக்கு. நான் ஷூ தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தோலைச் சூடாக்கி எந்த வெப்பத்தில் சுருங்குகிறது என்று குறிப்பது என் தினசரி வேலை. பதப்படுத்தாத தோல் கொஞ்சம் சூட்டுக்கே சுருண்டுவிடும். கணவாயும் அந்த ஜாதிதான்: ஒரு நிமிடம் கூடினால் ரப்பர். ஒரு தாளில் அட்டவணை போட்டேன். எண்ணெய்க்கு ஒரு பத்தி, மாவுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, கடைசியில் மொறுமொறுப்புக்கு ஒன்று.

மீன் கடை பாய் முதலில் தயங்கினார். "இங்க யாரும் கேக்கறதில்லம்மா. சென்னையில இருந்து ஐஸ் பொட்டில வரணும். வரவெச்சிட்டு நீ வரலன்னா நான் இன்னா பண்றது?"

"வருவேன் பாய்."

"ஆம்பூருக்கு வந்து கடம்பா கேக்கற ஆளு நீ ஒருத்திதான். பிரியாணில போடப்போறியா?"

எங்கள் பக்கத்தில் அதற்குக் கடம்பா என்றுதான் பெயர். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கடம்பா வந்துவிட்டது. தலையை இழுத்து, உள்ளே இருந்த கண்ணாடி போன்ற முள்ளை உருவி, ஊதாத் தோலை உரித்து, ஒரே அளவு வளையங்களாக நறுக்கினேன். ஒரு மணி நேர வேலை. அட்டவணையில் ஈரம் என்ற பத்தியின் கீழே 'திறந்த தட்டில் ஃப்ரிட்ஜில்' என்று எழுதிவிட்டுப் போனேன்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பியபோது தட்டைக் காணோம். சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அடியில் தண்ணீர் சொட்ட ஒரு சட்டி. கூடைக்குள் கல்லுப்பு ஒரு அடுக்கு, கணவாய் ஒரு அடுக்கு, மறுபடி உப்பு.

அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், லாரியில் வரும் பச்சைத் தோலை இறக்கி உப்பிட்டு அடுக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

"கரண்ட் போய் மூணு மணி நேரம் வரல. அப்டியே வுட்டா கெட்டுப் போய்டாதா? அதான் உப்பு போட்டு வெச்சேன்."

"எவ்ளோ போட்டீங்கப்பா?"

"எடையில பாதி. ஒரு கிலோக்கு அரைக் கிலோ. எப்பவும் போடற கணக்குதான். கம்மியா போட்டாதான் தப்பு."

"அது தோலுக்குப்பா."

"இது மட்டும் இன்னா? நல்லா தண்ணி வுட்டிருக்குது பாரு." சட்டியைத் தூக்கிக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார்.

அவரைத் திட்டவும் வழியில்லை. தோல் என்று எடுத்துக்கொண்டால் அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி, சாய்த்து வைத்தது உட்பட. அதுதான் எரிச்சலை இன்னும் ஏற்றியது. அந்த எரிச்சலில் நானும் அவர் மகள்தான் என்பதைக் காட்டினேன். உப்பிட்ட தோலை மறுபடி இளக்க எங்கள் தொழிலில் என்ன செய்வார்களோ அதையே செய்தேன்: தண்ணீரில் ஊறப்போட்டு, படுக்கப் போகும்வரை நான்கு முறை தண்ணீர் மாற்றினேன். கொஞ்சம் பருத்து வெளுத்து வந்தது. சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

ஞாயிறு காலை சோளமாவும் அரிசிமாவும் மிளகும் கலந்து, முதல் தட்டைப் பொரித்தேன். அப்பா ஒரு வளையத்தைக் கடித்தார், விட்டார், எடுத்து இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார்.

"சோல் போடலாம்மா. தையல் நல்லா நிக்கும்."

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா ஒரு துண்டை நக்கிப் பார்த்தார். "உப்பு! இத அவளுக்குக் குடுத்துடாத. பிரஷர் வேற ஏறணுமா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் கடையில் கடம்பா தீர்ந்திருந்தது, உறைந்த பாக்கெட் ஒன்றுதான் இருந்தது. மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உள்ளே ஐஸ் கரைந்ததா என்று பார்க்காமல் பாதியை எண்ணெயில் போட்டேன். அட்டவணை போட்டவள் செய்யக்கூடாத வேலை. எண்ணெய் வெடித்துத் தெறித்தது. மாவு தனியாகவும் கணவாய் தனியாகவும் மிதந்தன. மணிக்கட்டைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றபோது, "போதும்மா, பேஜார் பண்ணிக்காத" என்றார் அப்பா.

பாக்கெட்டில் மீதி இருந்ததை முழுதாகக் கரையவிட்டு, பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாக ஒற்றி, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, மாவில் புரட்டிப் பத்து நிமிடம் காத்திருந்து, ஒரு தடவைக்கு ஐந்து வளையமாக, ஒன்றரை நிமிடம் மட்டும் பொரித்தேன். வந்தது. கரண்டியில் தட்டினால் ஓசை கேட்டது. தட்டோடு அண்ணியின் அறைக்குப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. கீழே இடுக்கில் துணி சொருகியிருந்தது.

"அண்ணி, நல்லா வந்திருக்கு."

"கோவிச்சுக்காதீங்க." உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "காலையில இருந்து அந்த எண்ணெ வாட. ரெண்டு இட்டிலி தின்னேன், அதுவும் போச்சு. அத தள்ளி வச்சிருங்க."

காலையிலிருந்து மூன்று முறை எண்ணெய் காய்ந்த வீடு. எங்கள் சமையலறைக்குப் புகைபோக்கி கிடையாது. அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே, அவர் வயிற்றில் இருந்ததையும் வெளியே வரவைத்திருக்கிறேன். அட்டவணையில் எத்தனையோ பத்தி, வாடைக்கு ஒரு பத்தி இல்லை. தட்டை ஒரு டப்பாவில் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் தள்ளினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் எடுக்கப் போனால், ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அண்ணி அதன் முன்னால் நின்றபடி டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சூடா இருந்தாத்தான் கொமட்டுது. இப்ப வாடையே இல்ல."

"மொறுமொறுன்னு இருக்காதே."

"இல்லதான். சவசவன்னு இருக்கு." இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "எங்க அம்மா செஞ்ச மாதிரி ஒண்ணும் இல்ல. எடுத்திட்டுப் போயிராதீங்க."

அம்மா பின்னால் வந்து நின்றார். "நேத்து பொரிச்சதா? யாரு குடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அரை மணி போனது. முக்கால் மணி போனது. அண்ணி தயிர்சாதம் கேட்டார்.

இன்றைய நிலை: அண்ணியின் எடை குறையவில்லை, கூடவும் இல்லை. டாக்டர் அட்மிஷன் எழுதவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி பார்ப்பார். பாயிடம் இன்னும் ஒரு கிலோ சொல்லியிருக்கிறேன். அண்ணி பக்கத்துத் தெருவுக்கு நடக்கப் போகும் நேரத்தில் பொரித்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மொறுமொறுப்பு என்ற பத்தியை அடித்துவிட்டேன். கல்லுப்பு ஜாடி என் அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம்.