மூக்கைத் தூக்கிய வண்டி

விழுப்புரத்தில் விமானப் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் வெனிலாவின் குழுவுக்கு ஒரு புராஜெக்ட்: எட்டு முதலாளிகள் கால் நீட்டிப் பறக்கிற குட்டி ஜெட்டை வடிவமைக்க வேண்டும். இறக்கையை சகாய பிரவீன் பிடுங்கிக்கொண்டான், இன்ஜினை கலைப்பிரியா, சொகுசு சீட்டுகளை வல்லரசு. யாருக்கும் வேண்டாத எடைக் கணக்கு வெனிலாவின் தலையில் விழுந்தது. காபி மெஷின் வரை எடை போட்டாள் பாவம். எட்டுப் பேரும் ஏறிய கணக்கில் ஜெட் கச்சிதமாக நின்றது. திங்கட்கிழமை ரிவ்யூ. தேறாவிட்டால் ஆறு மாத உழைப்பு அம்போ.

ஞாயிறு பூசை முடிந்து திண்டிவனம் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஆண்டோ தன் லோடு வண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். மார்க்கெட்டில் சீக்கிரம் இறக்கலாமென்று எல்லாவற்றையும் பின் ஓரத்திலேயே அடுக்கியிருந்தான், மகா புத்திசாலி. வழித்துணைக்கு அவளை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் கடைசி மூட்டைகளை ஏற்றியிருந்தான்; பிறகு தானும் ஏறினான். கயிறு கட்ட மறந்தது நினைவுக்கு வந்து அவன் இறங்க, உதவிக்கு அவளும் குதிக்க, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது.

"ஏய், ஜல்தியா ஏறிக் குந்து! உன்ன யாரு எறங்கச் சொன்னது?"

"அண்ணா, எங்க ஜெட்டும் இப்டித்தான் பண்ணும்!"

"இன்னா ஜெட்டு? பேஜாரு பண்ணாத, ஏறு!"

ஏறியவள் லேப்டாப்பைத் திறந்து, கணக்கில் ஜெட்டிலிருந்து முதலாளிகளை ஒவ்வொருவராக இறக்கினாள். இன்ஜின் இரண்டும் வாலில். கடைசி ஆள் இறங்கியதும் பாரம் பின் சக்கரத்துக்கும் பின்னால் போனது. வால் தரையில்தான். பிரவீனுக்குப் போன் போட்டாள்.

"காலி ஜெட்டப் பத்தி யாருடி கேக்கப் போறாங்க?" என்றான் அவன்.

"முதலாளிங்க வீட்டுக்குப் போவ மாட்டாங்களாடா?"

பொழுது சாய்வதற்குள் நாலு பேரும் போனிலேயே பேசி, ஜெட்டின் பின் சக்கரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளி வரைந்து முடித்தார்கள்.

மறுநாள் பேராசிரியை சித்ரா கேட்ட முதல் கேள்வியே அதுதான். "எல்லாரும் எறங்கிட்டா?"

"நிக்கும் மேடம்."

"எப்படித் தோணுச்சு?"

வெனிலா தயங்கினாள். அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்ட வகுப்புத் தோழர்களிடம் மூன்று வருடமாக 'பிசினஸ்' என்றே சொல்லிவந்தவள்.

"எங்கண்ணன் லோடு வண்டி ஓட்டுறாரு மேடம். நேத்து நான் எறங்குனதும் அது மூக்கத் தூக்கிக்கிச்சு."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நெஞ்சு லேசாகிவிட்டது. ஜெட் தேறியது.

சாயங்காலம் ஜெட்டின் படத்தை ஆண்டோவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "சூப்பரா கீது. மூட்ட எங்க ஏத்துறது?"

"முன்னாடி" என்று அனுப்பினாள் வெனிலா.