சுகாசினியோட வசனம்

எங்க வூட்டுக்கும் ஜெயக்குமார் வூட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. வாடகைக்கு விடறவன் கட்டற சுவரு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அந்தாண்ட தும்மினா இந்தாண்ட "நூறு" சொல்லலாம். எனக்குப் பொழப்பு ராட்டையில தறிக்கு நூல் சுத்தித் தர்றது. சாயங்காலம் நான் சுத்திக்கினு இருக்கும்போது அந்தாண்ட ஜெபம் ஆரம்பிச்சிரும். நான் ஏகாம்பரநாதரக் கும்புடறவ. அதுக்காகக் காத மூடிக்க முடியுமா?

ஜெயக்குமாரு பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. அவரும் அவரு சம்சாரம் சுகாசினியும் வேதம், அதான் பைபிளு, படிக்கிறதே ஒரு தினுசு. ஒரு வசனம் இவரு, அடுத்த வசனம் அவ. அவருக்குக் கட்டைக் குரலு, அவளுக்குக் கீச்சுக் குரலு. சண்டை போட்ட நாள்ல கூட நிக்காது. என்னா, அன்னிக்கு மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு வரும். அப்படி இருந்தவ ஒரு காய்ச்சல்ல பொசுக்குன்னு போயிட்டா. புள்ளகுட்டியும் இல்ல.

அவள அடக்கம் பண்ணிட்டு வந்த சாயங்காலமே அந்தாண்ட குரல் கேட்டுது. ஒரு வசனம் படிச்சாரு, நிறுத்தினாரு. அவ படிக்க எவ்ளோ நேரமாகுமோ அவ்ளோ நேரம் சத்தமே இல்ல. அப்புறம், அவ வசனத்த வுட்டுட்டு, அதுக்கு அடுத்தது. ராட்டைய நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா தெனமும் இதே கதைதான்.

சம்பூர்ணத்தை ரெண்டாந்தாரமா அவருக்குக் கட்டி வெச்சது சர்ச் பாஸ்டரு. அவ மாகறல் பக்கத்துப் பொண்ணு. ஜெபம் பண்ற ஆம்பளையாத்தான் வேணும்னு வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக் கழிச்சிட்டு, நாப்பது வயசு வரைக்கும் உக்காந்திருந்தவ. ஊரே சிரிச்சிருக்குது. "எனக்கு நகை நட்டெல்லாம் வேணாம்க்கா. புருஷனும் நானும் ஒண்ணா உக்காந்து வேதம் படிக்கணும். அவ்ளோதான்" அப்படின்னு வந்து எறங்கினதுமே எங்கிட்ட சொன்னா. "பொல்லாத ஆசைதான் போ"ன்னு கிண்டல் பண்ணேன்.

வந்த அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்தாங்க. அவரு ஒரு வசனம் படிச்சி நிறுத்தினாரு. பாவம், தனக்காகத்தான் நிறுத்தறாருன்னு நெனச்சிக்கினு, இவ அடுத்த வசனத்தைக் கணீர்னு படிச்சிட்டா. அந்தாண்ட புஸ்தகம் மூடற சத்தம் எனக்கே கேட்டுது.

"அது சுகாசினியோட வசனம்மா" அப்படின்னாரு. கோவமா கூட சொல்லல.

அதுக்கப்புறம் அவ வாயே தொறக்கல. பக்கத்துல சும்மா உக்காந்திருப்பா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. செத்தவளுக்கு ஒரு மொறை உண்டு, உசிரோட இருக்கறவளுக்கு இல்லியா? எந்த ஊரு நியாயம்யா இது? சொல்லிட்டு வரேன்னு கெளம்பினா, அவளே கையப் புடிச்சி நிறுத்திட்டா. "வேணாம்க்கா. எனக்கு பயமா இருக்குது. அவரு நிறுத்தறாரு பாரு, அப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரோ மூச்சு வுடறாப்புல இருக்குது. திரும்பிப் பாக்கவே மாட்டேன்."

"உங்காளுங்க பேயெல்லாம் நம்பமாட்டாங்கன்னு சொன்னாங்களே!"

கிண்டலுக்குத்தான் கேட்டேன். எனக்கும் அவரு நிறுத்தற நேரத்துல ராட்டை சுத்தக் கை வராது, பொய் சொல்லுவானேன்?

போன ஆடியில ஜெயக்குமாருக்குப் பக்கவாதம் வந்துது. வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சி, பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்து, எங்க பொதுச் சுவரு ஓரமா கட்டில் போட்டாங்க. சாயங்காலம் நான் கஞ்சி எடுத்துக்கினு போனேன். சம்பூர்ணம் புஸ்தகத்தைத் தொறந்து அவரு வசனத்தைப் படிச்சா. பழக்கம் பாரு, அதோட நிறுத்திட்டா.

அவரு இடது கையால சுவத்துல தட்டினாரு. டொக், டொக். இவ முழிச்சா. மறுபடியும் தட்டிட்டு, அவளையே பாத்தாரு.

"அடியே, உன்னப் படிக்கச் சொல்றாருடி!"ன்னு கத்தினேன்.

"இல்லக்கா, அது சுகாசினி அக்காவோடது"ன்னா.

அவரு இல்லன்னு தலைய ஆட்டினாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. கோணிப்போன வாயால இழுத்து இழுத்து, "நீ... ப... படி"ன்னாரு.

அவ வாயத் தொறந்தா. உதடு அசையுது, குரல் வரல. எத்தினி நாளா காத்துக்கினு இருந்த வசனம்! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலங்கறது இதுதானா? அப்புறம் தெனமும் சுவரு வழியா கேட்டுக்கினே இருந்தேன். இவ படிப்பா, நிறுத்துவா, அவரு டொக் டொக்னு தட்டுவாரு. இவளுக்குச் சத்தம் வராது. கடைசியில இவ அதுக்கு அடுத்த வசனத்துக்குப் போயிருவா. இவ குரல்ல சுகாசினியோட வசனம் ஒண்ணைக் கூடக் கேக்காமயே அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் குமுறி அழுதேன், எனக்கு அவரு என்ன ஒறவுன்னே தெரியல.

அவரு போன பின்னாடியும் அந்தாண்ட வேதம் படிக்கிறது நிக்கல. இவ ஒரு வசனம் படிக்கிறா, நிறுத்தறா. சுகாசினியும் இல்ல, தட்டறதுக்கு அவரும் இல்ல. அந்த வெறும் நேரத்துல இவதான் மாட்டிக்கினு கெடக்கறா.

ஒரு நாளு என்னால தாங்கவே முடியல. ராட்டைய வுட்டுட்டு, இந்தாண்டயிருந்து, அவரு தட்டின அதே எடத்துல தட்டினேன். டொக், டொக்.

ஐயோ, தப்புப் பண்ணிட்டோமேன்னு கைய இழுத்துக்கினேன். அப்புறம் மெதுவா சம்பூர்ணம் அந்த வசனத்தைப் படிச்சா. முழுசா படிச்சா.

தட்டினது நான்னு அவளுக்குத் தெரியுமா, இல்ல அவருதான்னு நெனச்சிக்கினு இருக்கறாளா? அவளும் சொல்லல, எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல. மறுநாளு தட்டாம இருந்து பாத்தேன். நிறுத்தினவ நிறுத்தினதுதான், அடுத்த வசனத்துக்கும் போகல. நான் தட்டற வரைக்கும் காத்துக்கினு இருந்தா.

எம் பொண்ணு திருமுக்கூடல்ல இருந்து போன் பண்ணிக்கினே இருக்குது, "ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போம்மா"ன்னு. எங்க போறது? சாயங்காலம் ஆனா யாரு தட்டறது?