புங்கமரத்தின் கழுத்தை நெரித்தவர்

மரத்துக்கு வைத்தியம் பார்ப்பதில் நோயாளியால் ஒரு தொந்தரவும் கிடையாது. பக்கத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லும் வீட்டுக்காரரால்தான் உயிர் போகும். அம்பத்தூரில் நர்சரி வைத்திருக்கிற பாவத்துக்கு எனக்கு வாய்த்தவர்களில் தணிகாசலம் சார் தனி ரகம். படைத்தளவாடத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருமுல்லைவாயிலில் சொந்த வீட்டுக்கு வந்தவர். என்னைப் போல மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு அவரைப் புரியும்.

அனல் பட்ட மரம்

வாசல் சுவரிலிருந்து நாலடியில் புங்கமரம். உச்சிக் கிளையெல்லாம் மொட்டை. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் சார் தீர்ப்பே சொல்லிவிட்டார். காம்பவுண்டுக்கு வெளியே, அந்த மர நிழலில் நின்ற இஸ்திரி வண்டியின் கரி அனல்தான் காரணமாம். மரம் தேறாவிட்டால் வெட்டிவிடுவாராம். வெட்டினால் இஸ்திரி போடும் ஏழுமலைக்கு நிழலும் போச்சு, பிழைப்பும் போச்சு. இதையெல்லாம் அவன் காதில் விழும்படியே சொன்னார், புண்ணியவான்.

ஏழுமலை பெட்டியைக் கீழே வைத்தான். "இன்னா சார், பொட்டி சூட்டுல மரமே பட்டுப்பூடும்னா, பதினோரு வருசமா அத்தப் புடிச்சிகினு கீறனே, நான் இன்னாத்துக்கு ஆவணும்?"

மரத்துக்கு அடி எங்கே?

எந்த மரமும் மண்ணைத் தொடுமிடத்தில் கொஞ்சம் அகலும். இது நட்டுவைத்த போஸ்ட் கம்பம் மாதிரி நேராக நின்றது. அப்போதே சந்தேகம். கேட்டால், ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டதாம், மழைத் தண்ணீர் உள்ளே வந்ததாம். அதனால் இடித்த கட்டடக் கழிவைக் கொட்டி வாசலை இரண்டடி உயர்த்தி, மேலே டைல்ஸும் பதித்துவிட்டார். மரத்தை ஒட்டி, இம்மி இடம் விடாமல்! அடிமரத்தைக் கழுத்துவரை புதைத்துவிட்டு, இஸ்திரிக்காரன்மேல் பழி போடுகிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சுற்றி மூன்றடிக்கு டைல்ஸைப் பெயர்த்து, கழிவை அள்ளி, செங்கல் வளையம் கட்டினால் பிழைக்கும் என்றேன். அவர் மனைவி உடனே தலையாட்டினார். சார் மட்டும் டைல்ஸைத் தடவிப் பார்த்தார். "இப்பத்தான் போட்டது சார், பளபளன்னு இருக்கு பாருங்க. மரத்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க வைக்க மருந்து ஏதாச்சும் இருக்கா?"

தளிர் வந்தது

மனைவியின் பிடிவாதத்தில் சார் ஒருவழியாக இறங்கிவந்தார். தோண்ட ஆள் கூப்பிடத்தான் மனம் வரவில்லை. "கடப்பாரைய குடு அண்ணாத்தே" என்று ஏழுமலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். துணியையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, இரண்டு நாள் ஒத்தையாளாக அள்ளினான். உள்ளே பட்டை ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. நல்லவேளை, முழுசாக அழுகவில்லை. காயட்டும், யாரும் எதையும் கொட்டித் தொலைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையில் போனேன். மரம் உச்சிவரை தளிர்த்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதன் நிழலில் ஒரு புதுக் கார். ஏழுமலையின் வண்டி எதிர்ச்சாரியில் சுள்ளென்ற வெயிலில். "அவனை ஏன் சார் அங்கே தள்ளினீங்க?" என்றேன்.

சார் காரைத் துடைத்தபடியே சொன்னார்: "பையன் ஆசைப்பட்டு வாங்கினது சார், வெயில்ல நின்னா பெயின்ட் வெளுத்துடும்ல?"

ஆகவே, நான் ஒரு மரத்தைக் காப்பாற்றியதாக யாராவது புகழ்ந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள், நான் கட்டிக்கொடுத்தது கார் ஷெட்.