டேப்பு குறைத்துச் சொன்ன வீடு

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனுக்கு எஸ்டிமேட் வேலை. வாசலைத் தாண்டி உள்ளே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும். இத்தனை பெட்டி, இத்தனை ஆள், ஒரு வண்டி என்று சொல்லிவிடுவான். சொன்னதில் ரெண்டு பெட்டி கூடிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், கண்ணாலேயே அளக்கிறான் என்று கம்பெனியில் வைத்த ‘டேப்பு’ என்றால்தான் திரும்புவான். வயசு முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அப்படிச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘பண்ணிக்கல’ என்று சொல்ல வேண்டும்.

ஏன் பண்ணிக்கவில்லை என்பதற்குச் சட்டைப்பையில் ஒரு காகிதம் வைத்திருந்தான். கம்பெனியில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, மச்சான் கேட்கப்போகும் கைமாற்று வரை எல்லாம் அதில் உண்டு. இல்லாத மச்சானுக்குக் கூட வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருந்தான். இந்தக் காலத்தில் ஆம்பளை கல்யாணம் பண்ணுவது ஒண்டி ஆள் சாமானுக்குப் பெரிய லாரி பிடிக்கிற மாதிரி என்று டீக்கடையில் பேசுவான். கல்யாணமான பயல்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு, மணி பார்த்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். டீக்காசு மட்டும் இவன் தலையில்.

அந்த வாரம் காகிதத்தை எட்டு தடவை எடுத்துப் பார்த்திருப்பான். காரணம், புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். ஆறு வருஷமாக இவன் கொண்டுவரும் எஸ்டிமேட்டை வாங்கி வண்டி போடுகிறவள். திங்கட்கிழமை பில்லைக் கிழித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: வீட்டில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்களாம், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க. இவன் கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொன்னான். வேறு எவனும் இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கமாட்டான். அவள் “போடுங்க” என்றாள். குரலில் பச்சை மிளகாய்.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனி வண்டி டிரைவர் வீடு மாறக் கிளம்பினான். டேப்பும் டிரைவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், சம்பளமும் இன்றுவரை ஏறக்குறைய ஒன்று. டிரைவருக்குப் பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள். காகிதப்படி பார்த்தால் அவன் இந்நேரம் தெருவில் நிற்க வேண்டும். ஆனால் அவன் பாதிக் கடனில் சொந்தமாக ரெண்டு ரூம் வீடு வாங்கிவிட்டான். டேப்பு இன்னும் ஒற்றை அறையில், ஃபேன் சத்தத்தோடு.

வியாழக்கிழமை எஸ்டிமேட் பார்க்கப் போனான். டிரைவரின் மனைவி மருந்துக் கடை வேலைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் அவள் கைதான் எங்கும் தெரிந்தது. ஒரு அலமாரிக்கதவில் சீட்டு ஒட்டியிருந்தது: ‘அப்பா முதுகு மாத்திரை. இதைக் கட்டாதீங்க, கையில எடுத்துட்டு வரணும்.’

டேப்பு அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தான். போன மழைக்கு நூத்திரண்டு ஜுரத்தோடு மூணு மாடி ஏறி எஸ்டிமேட் பார்த்தது ஞாபகம் வந்தது.

“எப்படிடா மாப்ளே கட்டுது உனக்கு?” என்றான்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். “லாபமான்னு கேட்டா தெரியலடா. என் பையில பத்து ரூபா நிக்காது. ஆனா முதுகு போய் மூணு மாசம் படுத்தேனே, அவ சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. நீ படுத்தா யாரு ஓட்டுவா?”

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது. டேப்பு சமையலறை வாசலில் நின்றான். பெஞ்சுக்கடியில், பரணில், கதவுக்குப் பின்னால் என்று சாமான் சிரித்தது. எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்துவிட்டு, “இருபத்தாறு பெட்டி. ஒரு வண்டி” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே இருபத்தாறும் தீர்ந்தது, வண்டியும் நிறைந்தது. சமையலறை தொடாமல் அப்படியே கிடந்தது. டேப்பு சுருங்கிப்போச்சாண்ணே என்று பெட்டி தூக்கும் பையன்கள் சிரித்தார்கள். டிரைவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, எங்க அடுப்படிய எண்ணவே இல்லையா?” என்று நிஜமான கவலையோடு கேட்டாள். அவன் காது சிவந்தது.

இன்னொரு வண்டிக்குக் கவுண்டருக்குத்தான் போன் போட வேண்டும். எடுத்தது அவள்.

“இன்னும் எத்தனை பெட்டி?”

“இருபத்தொண்ணு.”

“பாதி வீட்ட விட்டிருக்கீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

பரணில் மறைந்திருந்தது என்று புளுகியிருக்கலாம். வாய் வரை வந்தது.

“எல்லாத்தையும் பாத்தேன். இவனுக்கு இவ்வளவு இருக்கான்னு வயித்தெரிச்சல். குறைச்சு எழுதிட்டேன்.”

அந்தப்பக்கம் யாரோ பில் கேட்டார்கள். ஒரு நிமிஷம் என்று அவள் சொல்வது கேட்டது.

“வண்டி வாடகை உங்க சம்பளத்துல பிடிப்பாங்க.”

“பிடிக்கட்டும்.”

“இன்னொரு கணக்கு போடுறேன்னீங்களே?”

“நஷ்டம்னுதான் வருது. எப்படிப் போட்டாலும். ஆனா நான் எண்ணுற லட்சணம் இதுதான். நீங்க அந்த இடத்துக்குச் சரின்னு சொல்லிடாதீங்க.”

அந்தப்பக்கம் பில் கிழிக்கிற சத்தம் கேட்டது.

“அந்தக் காகிதத்துல என் சம்பளம் எங்க எழுதியிருக்கீங்க?”

டேப்பு காகிதத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். மச்சான் இருந்தான். பால் இருந்தது. ஆறு வருஷமாக எதிரே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவளின் சம்பளம் எங்கேயும் இல்லை.

“எழுதல.”

“எழுதிட்டு நேர்ல வாங்க. நான் ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன். வண்டி அரை மணியில வரும்.”

எஸ்டிமேட்காரன் பெட்டி தூக்குவது கம்பெனியில் வழக்கமே இல்லை, மரியாதைக் குறைச்சல். டேப்பு சட்டைக்கையை மடித்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தான். டிரைவர் மனைவியிடம் பழைய பேப்பர் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தான். அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

“வாயப் பாக்காதீங்கடா, தூக்குங்க,” என்றான். “எனக்கு ஆறு மணிக்கு வேலை இருக்கு.”