கனி பாய்மீது நான் விட்டுவைத்த பழி

கடந்த செவ்வாய்க்கிழமை காலை துறைமுக அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. பேசியவர் கனி பாயின் மருமகன். "சார், மாமா சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்னு மாமி சொன்னாங்க." நான் "சரி" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைத்திருக்குமோ தெரியவில்லை.

அடக்கம் முடிந்து சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் பழைய நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். ஒருவர் என் தோளைத் தட்டினார். "நல்ல மனுஷன்தான், முத்தையா. ஆனா ஒன் படத்தக் கெடுத்தவரு அவருதானே லா? அன்னிக்கு மட்டும் அவரு சும்மா இருந்திருந்தா நீ இன்னேரம் எங்கயோ போயிருப்ப." மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் முன்புதான் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்த கை அது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஐந்து ஆண்டுகளாகவே திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்துல் கனியைத் தெரிந்த எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கனி பாய் படம் எடுத்தவர் அல்லர், படத்தைச் சுமந்தவர். பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற சின்னச் சின்ன விவரணப் படங்களை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்குவார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தொலைக்காட்சி வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, இங்கே விவரணப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஐந்து பேருக்காக எங்கள் திரைப்படச் சங்கம் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தியது. ஒன்பது சனிக்கிழமைகள். எடுத்த படத்தைச் செப்பனிடுவது எப்படி, செப்பனிட்டதை விற்பது எப்படி என்பதுதான் பாடம். அதை நடத்தித் தரச் சொல்லி கனி பாயைக் கேட்டார்கள். "நான் வாத்தியாரு இல்ல. எந்தப் படத்த எவன் வாங்க மாட்டான்னு தெரியும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்.

டன்லப் தெருவில் ஒரு மசாலா அரவை ஆலைக்கு மேலே இருந்த நீளமான அறையில் கூடினோம். ஜன்னல்களில் கறுப்புத் துணி, ஒரு புரொஜெக்டர், முப்பது மடக்கு நாற்காலிகள். ஒவ்வொரு வாரமும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களை அழைத்து வந்து எங்கள் படங்களை ஓட்டிக் காட்டுவார். அவர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி, பார்க்கிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எந்த இடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது, எந்த இடத்தில் இருமினார்கள் என்று குறித்துக்கொள்வார். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் எல்லோருமே இருமுவார்கள். "இது மிளகா இருமல், கணக்குல வராது. மூணாவது வரிசை இருமுனது அலுப்பு இருமல். அந்த இடத்த வெட்டு" என்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் சொன்ன இடம் ஒருபோதும் தப்பியதில்லை என்று அப்போது நம்பினோம்.

விற்கக் கற்றுக்கொடுத்த விதமும் அப்படித்தான். தானே கொட்டகை மேலாளராக உட்கார்ந்து சோற்றைப் பிசைவார். "மேனேஜர் சாப்புட்டுக்கிட்டிருக்காரு. கை கழுவுறதுக்குள்ள ஒன் படம் என்னன்னு சொல்லி முடி." நான் துறைமுகத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, "மேனேஜர் போயிட்டாரு" என்றார்.

என் படம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர்களைப் பற்றியது. நான் அங்கே எழுத்தராக இருந்ததால் உள்ளே போய்ப் படம் பிடிக்க அனுமதி கிடைத்தது. நாற்பது நிமிடப் படத்தை இருபத்து நான்காகக் குறைத்தோம். அப்படி வெட்டியதில் ஒரு துண்டு, மதிய வேளையில் தண்ணீர்க் குழாயடியில் ஆட்கள் முகம் கழுவுகிற காட்சி. ஓர் ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். "நாலு நாற்காலி கத்துச்சு. போற வேகத்த இந்தச் சிரிப்பு கெடுக்குது, எடுத்துரு" என்றார் கனி பாய். எடுத்துவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எந்த நாற்காலியும் அசையாது. நான் படம் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், பாரந்தூக்கியின் வடம் அறுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். சேதி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி, காவலர்கள் உள்ளே விடாததால் இரும்பு வாசல்கதவைப் பிடித்து உலுக்கி அழுதார். என் கையில் கேமரா இருந்தது. எடுத்துவிட்டேன். நாற்பது நொடிகள். அந்த அம்மாவின் பெயர் பாக்கியம்.

கனி பாயிடம் ஒரு நிபந்தனை இருந்தது. படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். "அவங்க பாக்காத படத்த நான் தூக்கிக்கிட்டு அலைய மாட்டேன்" என்பார். மற்ற நால்வரும் தங்கள் ஆட்களை அழைத்துவந்து காட்டினார்கள். நானும் துறைமுகத்து ஆட்கள் சிலரைக் கூட்டி வந்தேன். "அந்தப் பொம்பள எங்க?" என்று கேட்டார். "கப்பலேறி ஊருக்குப் போயிட்டாங்க, பாய்" என்றேன்.

அது பொய். பாக்கியம் கேலாங்கில் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். அழைத்துவந்து, அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் படத்தில் என்ன மிஞ்சும்? ஒன்பதாவது சனிக்கிழமை வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. ஐந்தில் ஒரு படத்தை அவர் வாங்கிக்கொள்வார். எடுத்தவருக்கு இன்னும் மூன்று படம் எடுக்கும் வேலையும் கிடைக்கும். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. காலமெல்லாம் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்க நான் பிறக்கவில்லை என்ற நினைப்பு. பொய் சொன்னபோது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வெளிநாட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்தார். முதல் படமே என்னுடையது. கனி பாயின் நாற்காலி காலியாக இருந்தது. எட்டு வாரமும் எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அன்றைக்கு இன்னும் வரவில்லை. படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. கனி பாய் நின்றார். அவர் பின்னால், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி பாக்கியம்.

அந்த அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, புரொஜெக்டர் அருகே நின்ற என்னிடம் வந்தார். காதோரம் குனிந்து, "கப்பல் திரும்பி வந்துருச்சு" என்றார். காலையில் கேலாங் கொட்டகைக்குப் போனவர், துறைமுகத்தில் ஆள் செத்த குடும்பம் பக்கத்துச் சந்தில்தான் இருக்கிறது என்று டீக்கடையில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டிருக்கிறார்.

"அந்த எடத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"அதுக்குள்ள போய் அவங்களக் கேளு."

"பாய், படம் முடியட்டும். அப்புறம் கேட்டுக்கலாம்."

"எல்லாரும் பாத்த பொறகு என்னத்தக் கேப்ப? போ, முத்தையா."

நான் போகவில்லை. வெளிநாட்டுக்காரர் முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்பது பின்னால் இருந்தே தெரிந்தது. மூன்று நிமிடம். இரண்டு. கனி பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே போய்ப் பாக்கியத்தின் பக்கத்தில் குந்தி ஏதோ கேட்டார். இருட்டில் அந்த முக்காடு இப்படியும் அப்படியும் வேகமாக அசைந்தது. திரையில் இரும்பு வாசல்கதவு வந்தது. கனி பாய் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்து புரொஜெக்டரின் விளக்கை அணைத்தார்.

அறை கும்மிருட்டானது. என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். கூப்பிட்டால் வராத பிள்ளைபோல் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கனி பாய் கறுப்புத் துணியை விலக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தப் படத்தில் ஒரு கோளாறு இருக்கிறது, முன்பே கவனிக்காமல் விட்டது தன் தப்பு, அடுத்த படத்தைப் போடுகிறோம். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. வெளிநாட்டுக்காரர் கடைசியில் வேறொருவர் படத்தை எடுத்துக்கொண்டு போனார். கனி பாய் கிறுக்குத்தனமாக விளக்கை அணைத்து முத்தையாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார் என்ற பேச்சு அன்று மாலையே தேக்கா வட்டாரம் முழுவதும் பரவியது.

உங்களுக்குத் தெரிந்தது அதுவரைதான். எல்லோரும் போன பிறகு நடந்தது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். "நான் அழுவறத யாரும் பாக்க வேணாம்யா" என்று பாக்கியம் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு காலியான திரையைக் காட்டி, "அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"கொழாயடியில படம் புடிச்சாங்க, பாத்துச் சிரிச்சேன்னு வந்து சொன்னாரு. அதப் பாக்கலாம்னுதான் இவுங்க கூப்புட்டதும் வந்தேன். வூட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல."

கனி பாயின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று அந்த அம்மாவிடமே சொன்னார். "யாருன்னு கேக்காம வெட்டச் சொல்லிட்டேன்மா. என்னை மன்னிச்சிருங்க." ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் சுவரில் சாய்ந்து நிற்கிறேன், தெரியாமல் செய்த தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வெறுத்தேன்.

வெட்டிய துண்டுகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டின்னைத் தரையில் கொட்டினோம். நூற்றுக்கணக்கான சுருள்கள். கீழே அன்று மிளகாய் அரைத்தார்கள். மூவரும் கண்ணீரும் மூக்குமாக இருமிக்கொண்டே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது. பாக்கியத்தின் கையில்தான் அது அகப்பட்டது. ஓட்டிக் காட்டினோம். திரையில் தம் கணவர் சிரித்ததும் அந்த அம்மாவும் சிரித்தார். "மறுபடியும் போடுங்க" என்றார். ஐந்து முறை போட்டோம். மறுவாரம் கனி பாய் அந்தத் துண்டிலிருந்து ஒரு புகைப்படம் செய்து, சட்டம் போட்டுக் கேலாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கதவருகே அழுத நாற்பது நொடிகளை எடுத்துவிட்டு, குழாயடியைத் திரும்பச் சேர்த்தோம். அந்தப் படத்தையும் கனி பாய்தான் சுமந்தார். மூன்று கொட்டகைகளில் ஓடியது. அத்தோடு சரி. நான் சரக்குப் பட்டியலுக்குத் திரும்பினேன்.

ஊர் அவரைக் குறை சொன்னபோதெல்லாம் முதலில் ஆத்திரத்தில் பேசாமல் இருந்தேன். பிறகு அதுவே வசதியாகிவிட்டது. கெடுத்தவர் ஒருவர் இருக்கும்வரை நான் பெரிய கலைஞனாக இருந்தேன். போன ரமலானில் அவர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில், "பாய், ஒருநாள் எல்லார்கிட்டயும் உள்ளதச் சொல்லிடறேன்" என்றேன். அவர் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லு. எம்புள்ளைங்க காதுலயும் விழட்டும். அவங்களும் நான்தான் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றார். அவர் பிள்ளைகள் அடுத்த அறையில்தான் இருந்தார்கள். நான் இன்னொரு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கனி பாயின் பிள்ளைகளே, உங்கள் வாப்பா யார் படத்தையும் கெடுக்கவில்லை. பொய் சொன்னவன் நான். ஐந்து ஆண்டுகள் அவர் சுமந்தது என் பழி. அவரிடமிருந்து வாங்கி இனி நான் வைத்துக்கொள்ளப்போவது அது ஒன்றைத்தான்.